காத்தாடியை நிறுத்திய ஒரு வரி

நான் ஓய்வு பெற்று வந்த பிறகு எங்கள் கட்டுப்பாட்டு அறையின் திரைகள் மாறிவிட்டன. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடிய இடத்தில் இப்போது பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் வருகின்றனவாம். நல்லதுதான், கண்ணுக்கு இதம். பழைய ஸ்கிரிப்டுகளைப் புதிய மென்பொருளுக்குள் கொண்டுபோகிற வேலை ஷர்மிளா என்ற பெண்ணுக்கு வந்திருக்கிறது. அவள் போன வாரம் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க எழுதுன ஸ்கிரிப்டுல பாதிக்கு மேல எக்கோ வரியாத்தான் கெடக்கு. வேலை செய்யிற வரி கொஞ்சந்தான். இம்புட்டுப் பேச்சு எதுக்குக்கா?"

ஃபோனிலேயே சொல்லத் தொடங்கினேன். அடுப்பில் உலை கொதித்துப் பொங்கிவிட்டது. எழுதியே தருகிறேன் என்று வைத்துவிட்டேன்.

எனக்குப் பிறந்த வீடு போடி பஜார். அப்பாவுக்குப் பாத்திரக் கடை. எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்பதால் கல்லாவில் உட்கார வைக்கப் பார்த்தார். நான் கல்லூரியில் கணிதம் படித்தேன், தேனியில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தேன், நூற்பாலை ஒன்றில் டேட்டா அடித்தேன், கல்யாணமாகிப் பழனிசெட்டிபட்டிக்கு வந்தேன். அந்தச் சமயத்தில்தான் கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக எழும்பின. எங்கள் ஊரில் காற்றாலை என்று யாரும் சொல்வதில்லை. காத்தாடிதான். "ஜெயசீலி காத்தாடி ஆபீஸ்ல இருக்கா" என்று சர்ச்சில் பேசிக்கொள்வார்கள். ஏதோ திருவிழாக் கடையில் நான் பொம்மை விற்கிற மாதிரி இருக்கும்.

காத்தாடிகளை நிறுவ வந்த பொறியாளர், அவற்றை இயக்கும் கணினியின் மொழியான லினக்ஸின் அரிச்சுவடியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு ரயிலேறினார். மீதியைப் புத்தகத்தைப் பார்த்தும் தட்டிப் பார்த்தும் கற்றுக்கொண்டேன்.

என் வேலை இதுதான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கிற காத்தாடிகள் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். எங்கள் அறையிலிருந்து அந்தப் பெட்டிக்குக் கட்டளை அனுப்பினால் காத்தாடி ஓடும், நிற்கும். ஒவ்வொரு கட்டளையையும் கையால் அடிக்க முடியாது என்பதால் பல கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்வோம். அதன் பெயர் ஷெல் ஸ்கிரிப்ட். அதை ஓட்டுகிறவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் எக்கோ என்று எழுதி, பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் ஒரு வாக்கியத்தை வைக்க வேண்டும். அந்த வாக்கியம் அப்படியே திரையில் வந்து விழும். ஷெல் ஸ்கிரிப்ட் கற்பவர் யாராக இருந்தாலும் முதல் பாடம் இதுதான். எல்லோரும் ஒரு நாளில் கற்றுக்கொண்டு தாண்டிப் போய்விடுவார்கள். நான் அதிலேயே தங்கிவிட்டேன். என்னைத் தங்க வைத்தவர் எங்கள் காத்தாடித் தளத்தின் அதிகாரி ஷாஜகான் சார்.

சாருக்கு உத்தமபாளையம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் வேலை செய்யும்போது நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் வாய்விட்டுப் படிப்பார். காத்தாடி செய்த நிறுவனத்தார் தந்த ஸ்கிரிப்டில் அது ஓடத் தொடங்கியதும் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் ஏதோ ஒரு வரி வரும், கடைசியில் ஒரு பூஜ்யத்தோடு. சார் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, பூஜ்யம்னா என்ன?"

"சரியா நடந்துருச்சுன்னு அர்த்தம் சார்."

"எனக்குப் பூஜ்யம்னா ஒண்ணுமே நடக்கலைன்னுல்ல தோணுது?"

மேஜை மேலிருந்த வாக்கிடாக்கியை எடுத்து என் கையில் கொடுத்தார். "இந்த வரிய அப்படியே வாக்கில வாசி பாப்போம்."

நான் வாசித்தேன். பதினாலாம் காத்தாடி அடியில் நின்றிருந்த டெக்னீஷியன் காளிமுத்து, "யக்கா, என்ன சொல்லுறீக? வெளங்கலையே" என்றான்.

"வாக்கில சொன்னா வெளங்காத எதையும் திரையில அடிக்காதம்மா" என்றார் சார். "படிக்கிறவன் அடுத்து என்ன செய்யணும்னு அந்த வரியிலயே இருக்கணும்."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் தேர்வு. நான் எழுதுகிற ஒவ்வொரு செய்தியும் முதலில் வாக்கியில் போகும். கேட்பவர் மறுபேச்சில்லாமல் வேலையைச் செய்தால் அது ஸ்கிரிப்டுக்குள் போகும். "என்னக்கா?" என்று ஒரு குரல் திரும்பி வந்துவிட்டால் போகாது. 'பிழை' என்று ஒற்றைச் சொல்லாக நிறுத்த மாட்டேன். எந்தக் காத்தாடி, என்ன ஆயிற்று, அடுத்து என்ன செய்வது என்ற மூன்றும் ஒரே வரியில் அடங்க வேண்டும். அப்படிச் சுருக்கி எழுதிப் பாருங்கள், முதுகு வலிக்கும். சில வரிகளை வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டே மனசுக்குள் மாற்றி மாற்றி வைப்பேன்.

முதலில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடித்தோம். அந்தத் திரையில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரியும். புதிய கணினி வந்து தமிழ் ஒழுங்காகத் தெரிந்த நாளில் ஒரு பெட்டி அல்வா வாங்கிப் பங்கு வைத்தேன். அதே கணினிதான் அடுத்த நாள் மானத்தை வாங்கியது. வரிகளுக்கு நடுவே இடைவெளி விடுவதற்காக எக்கோவோடு மைனஸ் ஈ என்று ஒரு சிறு குறி சேர்த்திருந்தேன். பழைய கணினி அதைத் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொண்டது. புதியது அதையும் செய்தியில் சேர்த்து ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அச்சடித்தது. ஷிஃப்டில் இருந்த பிரபு திரையில் வந்ததை வந்தபடி வாக்கியில் படித்தான்: "மைனஸ் ஈ, பதினாலு ஓடுது. மைனஸ் ஈ, பதினஞ்சு ஓடுது."

"யாருண்ணே அந்த மைனஸ் ஈ? புதுசா வேலைக்கு வந்திருக்காகளா?" என்று காளிமுத்து கேட்டான். தளம் முழுக்கச் சிரிப்பு.

உட்கார்ந்து எல்லா வரிகளையும் பிரிண்ட்எஃப் என்ற கட்டளைக்கு மாற்றினேன். அது எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். எண்களை நேராக அடுக்கித் தரும். அதன் பிறகு எங்கள் திரை பார்க்கவே அழகாக இருந்தது.

அடுத்தது ஏறுகிறவர்களின் பெயர். காத்தாடியின் கோபுரத்துக்குள் ஏணி உண்டு. டெக்னீஷியன்கள் அதில் ஏறி உச்சியில் வேலை பார்ப்பார்கள். ஏறுமுன் அடியில் இருக்கும் பெட்டியில் ஒரு சுவிட்சை, தானாக ஓடுகிற 'ஆட்டோ' பக்கத்திலிருந்து 'சர்வீஸ்' பக்கம் திருப்பிவிட்டால், நாங்கள் இங்கிருந்து எதை அனுப்பினாலும் காத்தாடி அசையாது. அது போதும் என்றுதான் எல்லாத் தளங்களிலும் இருந்தார்கள். சாருக்குப் போதவில்லை. இன்னொரு பூட்டும் வேண்டும், அது எங்கள் திரையில் இருக்க வேண்டும் என்றார்.

நான் எழுதினேன். ஏறுகிறவர் வாக்கியில் தன் பெயரைச் சொல்வார். நாங்கள் காத்தாடியின் எண்ணையும் அந்தப் பெயரையும் அடிப்போம். இறங்கித் தரையில் கால் வைத்த பிறகு அவரே கூப்பிட்டுச் சொல்வார். அப்போதுதான் பெயரை எடுப்போம். வேறு யார் சொன்னாலும் எடுப்பதில்லை. ஓட்டுகிற ஸ்கிரிப்ட் ஒவ்வொரு காத்தாடியையும் தொடுமுன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அந்தக் காத்தாடியை விட்டுவிட்டு, ஏன் விட்டேன் என்று ஒரு வரி அச்சடிக்கும்.

"பேரு இருந்தாலும் ஓட்டவா, வேண்டாமான்னு திரையில ஒரு கேள்வி கேட்டுக்கிரட்டுமா சார்?" என்றேன். பல ஸ்கிரிப்டுகளில் அப்படித்தான் இருக்கும்.

"கேக்காதம்மா. அவசரத்துல எல்லாரும் ஆமான்னுதான் அடிப்பாக. நானும் அடிப்பேன். சொல்லு, சொல்லிட்டு நிறுத்திரு."

இன்னொரு சங்கதியையும் சார்தான் சோதித்துக் கண்டுபிடித்தார். எல்லாக் காத்தாடிகளையும் ஒன்றாக ஓட்டும்போது திரையில் வரிகள் மளமளவென்று ஓடும், எதுவும் கண்ணில் நிற்காது. அதனால் வருகிற செய்திகளை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு, வேண்டும்போது படிக்கலாம் என்று வைத்திருந்தோம். ஒரு நாள் சார் தன் பெயரையே ஒரு காத்தாடியில் போடச் சொல்லி, எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். காத்தாடி சரியாக நின்றது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

"நான் மேல இருக்கேன்னு யாருக்கும்மா தெரியும்?" என்றார்.

எச்சரிக்கையும் மற்ற வரிகளோடு சேர்ந்து கோப்புக்குள் போயிருந்தது. ஷெல்லில் செய்தி வெளியே வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சாதாரணச் செய்திக்கு, இன்னொன்று பிழைக்கு. சாதாரண வழியை எங்கே திருப்பினாலும் இரண்டாவது வழி திரையைப் பார்த்தபடியே இருக்கும். எச்சரிக்கை வரியின் கடைசியில் ஒரு குறியும் இரண்டு என்ற எண்ணும் சேர்த்தால் அது இரண்டாவது வழியில் போய்விடும். சேர்த்தேன். மறுபடி ஓட்டினேன். வெறும் கறுப்புத் திரையில் சாரின் பெயர் மட்டும் வந்து நின்றது. சார் வழக்கம்போல் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு வெளியே போய்விட்டார். அவர் அப்படிப் போனால் பாராட்டு என்று அர்த்தம்.

இனி அந்த ஆடி மாதத்து மதியத்துக்கு வருகிறேன்.

ஆடியில் எங்கள் பக்கத்துக் காற்று எப்படியென்று கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த துணி கொடியில் நிற்காது. காத்தாடிகளுக்கு அதுதான் அறுவடைக் காலம். அன்று சார் கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் மதிய ஷிஃப்டுக்கு வந்து பிரபுவிடம் பொறுப்பை வாங்கிக்கொண்டிருந்தபோது மின்தொகுப்பில் கரண்ட் போனது. எல்லாக் காத்தாடிகளும் நின்றன. கொஞ்ச நேரத்தில் கரண்ட் திரும்பி வந்தது. அப்படி நின்றவற்றை நாங்கள்தான் இங்கிருந்து மறுபடி ஓட்டிவிட வேண்டும்.

ஸ்கிரிப்டை ஓட்டினேன். வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒவ்வொரு காத்தாடியாகத் தலையைத் திருப்பிச் சுழலத் தொடங்கியது. திரையில் ஒரே ஒரு வரி வந்தது.

'23: காளிமுத்து மேல இருக்காக. எறங்குனதா அவுக குரல் வரல. ஓட்டக் கூடாது.'

பிரபு எட்டிப் பார்த்தான். "அட, அவுக எறங்கிட்டாகளேக்கா. இருபத்து மூணுலருந்து எறங்கிட்டேன்னு சத்தம் வந்துச்சே. நான்தான் பேர எடுத்தேன்."

"ரெண்டு பேரு ஏறுனாகளா?"

"ஆமா, காளியும் அவன் கூட்டாளியும். ரெண்டு பேரையும் எடுத்த ஞாபகந்தான்... இல்ல, ஒண்ணத்தான் எடுத்தேனா?"

வாக்கியில் காளிமுத்துவைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கூட்டாளியைக் கூப்பிட்டேன். அவனும் பேசவில்லை. சாலையோரக் காவலாளியைக் கேட்டேன். "இருபத்து மூணு அடியில நின்ன வண்டி அப்பவே போயிருச்சும்மா. ரெண்டு பேரும் போன மாதிரித்தான் தெரிஞ்சுச்சு" என்றார்.

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. அங்கிருந்த மேலாளருக்கு எல்லாத் தளங்களின் நிலையும் தெரியும். "மேடம், இருபத்து மூணு மட்டும் ஏன் நிக்குது?"

"மேல ஆள் இருக்காங்க சார்."

"எனக்கு இங்க ஆட்டோன்னு காட்டுதே. ஆள் இருந்தா சர்வீஸ்னுதான காட்டணும்?"

அவர் சொன்னது நியாயம். சுவிட்ச் சர்வீஸில் இல்லை, வண்டி இல்லை, இறங்கிவிட்டேன் என்ற குரலை ஷிஃப்டுக்காரன் கேட்டிருக்கிறான். ஆள் மேலே இருப்பதாகச் சொல்வது என் வரி ஒன்றுதான்.

"அந்தப் பேரை எடுக்க மறந்திருப்பாங்க மேடம். நீங்களே அழிச்சிட்டு ஓட்டிவிடுங்க. இந்தக் காத்து நிக்காது."

"அவரே கூப்பிட்டுச் சொல்லாம எடுக்குறதில்ல சார்."

"நான் சொல்றேன் மேடம். என் பொறுப்பு."

"உங்க குரலுக்கும் எடுக்கக் கூடாதுன்னுதான் சார் இங்க முறை. ஆள் அனுப்பிப் பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் லைனிலேயே இருந்தார். பிரபு அதற்குள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தான். என் செல்ஃபோனில் சாரைக் கூப்பிட்டேன். பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம். நடந்ததைச் சொன்னேன். சார் கேட்டது ஒன்றுதான்.

"காளிமுத்து குரல நீ கேட்டியாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப அவன் மேலதான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு, கிளம்பி வருவதாகச் சொன்னார்.

பிரபு இருபத்து மூன்றை அடைகிற வரை நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்திருந்தேன். சென்னை லைன் திறந்தே இருந்தது. ஒரு முறை அவர், "போயிட்டாங்களா?" என்று கேட்டார். "போய்க்கிட்டிருக்காங்க சார்" என்றேன்.

வாக்கி கரகரத்தது. பிரபு மூச்சு வாங்கினான். "யக்கா, வந்துட்டேன். மொத வேலையா அவசர பட்டனை அமுக்கிட்டேன். சுவிட்சு சர்வீஸ் பக்கந்தான் திரும்பி இருக்கு. ஆனா பொட்டித் திரையில ஆட்டோன்னு காட்டுது."

கரண்ட் போய் வந்ததில் பெட்டி அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது. எழுந்தபோது சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார்க்காமலே ஆட்டோவுக்குப் போய்விட்டது. அப்படியும் அது செய்யும் என்று அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

"மேல கூப்பிட்டுப் பாரு."

"ஏலே காளி! ஏலேய்!" என்று கோபுரத்துக்குள் அவன் கத்தியது வாக்கியில் எதிரொலித்தது. பிறகு அவன் குரல் வந்தது. "யக்கா, இரும்பத் தட்டுற சத்தம் கேக்குது. மேல தட்டுறான். இருக்கான்க்கா, இருக்கான்!"

சென்னை லைனில் இருந்தவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். "மேடம், எதையும் தொடாதீங்க" என்றார். நான் தொடவே இல்லை.

பிறகுதான் முழுக் கதையும் தெரிந்தது. இருவரும் ஏறியது உச்சியில் இருக்கும் பல் வளையத்துக்குக் கிரீஸ் வைக்க. காத்தாடி காற்றைப் பார்த்துத் தலையைத் திருப்புவது அந்த வளையத்தால்தான். ஓடச் சொன்னால் காத்தாடி முதலில் செய்கிற காரியம் தலையைத் திருப்புவது. கிரீஸ் தீர்ந்துபோகவே கூட்டாளி இறங்கி, முறைப்படி தான் இறங்கியதைச் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு ஆண்டிபட்டிப் பக்கம் போய்விட்டான். காவலாளி இரண்டாவது ஆளாக நினைத்தது, பின்சீட்டில் கட்டியிருந்த சாக்கை. மேலே காளிமுத்துவின் வாக்கியில் பேட்டரி தீர்ந்திருந்தது. அவன் அதை அறியாமல், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பற்களுக்கு இடையே விரலை விட்டுப் பழைய கிரீஸை வழித்துக்கொண்டிருந்தான். பிரபு கத்தியது காதில் விழுந்ததும் ஸ்பானரால் தட்டியிருக்கிறான்.

அவன் கீழே வந்து, பிரபுவின் வாக்கியை வாங்கிப் பேசினான். "யக்கா, காளிமுத்து. எறங்கிட்டேன்." அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் பெயரை எடுத்தேன். இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

சென்னை மேலாளர் லைனை வைக்குமுன், "நீங்க என் பேச்சைக் கேக்காதது நல்லதாப் போச்சு மேடம். அந்த ஸ்கிரிப்டை எனக்கு அனுப்புங்க. எல்லாத் தளத்துலயும் போடணும்" என்றார். சொன்னபடி போட்டார். அந்தப் பெட்டிகளையும் பழுது பார்க்க வைத்தார். பிற மாநிலங்களுக்குப் போன ஸ்கிரிப்டில் அவரவர் மொழியில் அந்த வரியை மாற்றிக்கொண்டார்கள். ஏறுகிறவரின் பெயர் வருகிற இடத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஷர்மிளா, உன் கேள்விக்கு இதுதான் பதில். வேலை செய்கிற வரிகள் அன்று மற்ற எல்லாக் காத்தாடிகளையும் சரியாகவே ஓட்டின. பேசுகிற வரி ஒன்று ஓர் ஆளைக் காப்பாற்றியது. அதை எழுதியவள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

சாயங்காலம் சார் கல்யாணத்துச் சட்டையோடு, அத்தர் மணக்க வந்து என் பின்னால் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் இன்னும் நின்றிருந்த அந்த வரியை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். வெளியே போய்விட்டார்.

அவருக்குப் பின்னால் காளிமுத்து வந்தான். கழுவியும் போகாத கிரீஸ் கையோடு டீ கிளாஸைப் பிடித்திருந்தான். நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எம் பேரு எங்கனக்கா வந்துச்சு?"

காட்டினேன். குனிந்து, உதட்டை அசைத்துப் படித்தான். படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"இருக்காகன்னு போட்டிருக்கீக. என்னைய எல்லாரும் இருக்கான், வாரான்னுதான சொல்லுவாக?"

"மேல இருக்கவகளுக்கு மரியாதை குடுக்கணும்லப்பா" என்றேன்.

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன், அதற்குப் பிறகு கொஞ்சம் அழவும் செய்தேன். அவன் பார்க்காத மாதிரி டீயைக் குடித்தான்.

மறுநாள் காலையில் வாக்கியில் அவன் குரல் வந்தது. "பதினேழு. காளிமுத்து ஏறுறாக. பேரப் போட்டுக்கங்க." அறையில் எல்லோரும் சிரித்தோம். கொஞ்ச நாளில் மற்றவர்களும் அப்படியே சொல்லத் தொடங்கினார்கள். தங்களைத் தாங்களே மரியாதையாகச் சொல்லிக்கொண்டு ஏறினார்கள், இறங்கினார்கள். இதை நிறுத்தச் சொல்வாரோ என்று சாரை நினைத்து எனக்கு ஒரு பயம் இருந்தது. அவரும் எல்லா வாக்கிப் பேச்சையும் கேட்பவர்தான்.

அந்த வாரக் கடைசியில் சார் சோதனைக்காக ஒரு காத்தாடியில் ஏறினார். வாக்கி கரகரத்தது. அவருடைய உயராத குரல் வந்தது.

"ஒன்பது. ஷாஜகான் ஏறுறாக. போட்டுக்கம்மா."

போட்டுக்கொண்டேன்.